கம்யூனிட்டி காலேஜில் சேர எந்தத் தேர்வு எழுத வேண்டும்?

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களில் கம்யூனிட்டி காலேஜ் பேச்சு எழுந்ததும் அடுத்து வரும் கேள்வி, "எஸ்ஏடி மார்க் எவ்வளவு வேணும்?" என்பதுதான். கட்-ஆஃப், கவுன்சலிங் என்று பழகிய நமக்கு அப்படிக் கேட்கத்தான் தோன்றும். இரண்டாண்டுப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜில் சேர, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி, ஏசிடி தேர்வுகள் இரண்டும் தேவையில்லை. பள்ளிப் படிப்பை முடித்தவர் யாராக இருந்தாலும் பொதுவாக இடம் உண்டு. கலிஃபோர்னியாவில் 18 வயது நிறைந்து, படிப்பால் பயன்பெறக்கூடியவராக இருந்தால், ஹைஸ்கூல் முடித்ததற்கான சான்றான டிப்ளமோகூடக் கட்டாயமில்லை.

பிறகு ஏன் விண்ணப்பம் போட்ட சில நாட்களிலேயே "பிளேஸ்மென்ட் டெஸ்டுக்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள்" என்று மின்னஞ்சல் வருகிறது? சேர்க்கை முடிந்த பிறகு, ஆங்கிலத்திலும் கணக்கிலும் உங்களை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்க. "இதில் பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது" என்று காலேஜே சொல்லும். அது உண்மைதான். ஆனால் அதை நம்பிப் புத்தகத்தைத் தொடாமல் போய் உட்காருகிறவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள். மார்க் குறைந்தால், பள்ளித் தரப் பாடத்தை மறுபடி சொல்லிக்கொடுக்கும் ரெமீடியல் வகுப்பில் போடுவார்கள். அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும், ஒரு செமஸ்டர் போகும், டிகிரிக்கு அந்த கிரெடிட் சேராது. கால்குலஸ் எடுக்க வேண்டிய எஞ்சினியரிங் மாணவர் இரண்டு படி கீழே உட்கார்ந்தால், பல்கலைக்கழகத்துக்கு மாறுவது ஒரு வருடம் தள்ளிப்போகும்.

ஆகவே முதலில் அந்தத் தேர்வை எழுதாமலே இருக்க வழி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் தயாராகிப் போய் எழுதுங்கள்.

முதலில் நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள்?

எச்-4, கிரீன் கார்டு, குடியுரிமை என ஏதோ ஒரு வகையில் ஏற்கெனவே இங்கே குடியிருப்பவருக்குச் சேர்க்கைக்கென்று ஆங்கிலத் தேர்வு பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். பிளேஸ்மென்ட் மட்டும்தான். ஊரிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வருகிறவர், அந்த விசாவுக்குக் காலேஜ் தரும் ஐ-20 படிவத்தை வாங்க டோஃபல், ஐஇஎல்டிஎஸ் அல்லது டூயோலிங்கோ மார்க் காட்ட வேண்டியிருக்கும். வந்து இறங்கிய பிறகு பிளேஸ்மென்ட்டும் உண்டு. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாவதோடு நின்றவர்கள் பெரும்பாலான மாநிலங்களில் ஹைஸ்கூல் டிப்ளமோவுக்கு இணையான ஜிஇடி தேர்வை முதலில் முடித்துவிடுவது நல்லது. அதில் நான்கு பாடங்கள், ஒவ்வொன்றிலும் 145 எடுத்தால் தேர்ச்சி. 165 அல்லது அதற்கு மேல் எடுத்தால் 'காலேஜுக்குத் தயார்' என்று முத்திரை விழும். பல காலேஜ்கள் அதைப் பார்த்தே பிளேஸ்மென்ட்டை விட்டுவிடுகின்றன. ஆகவே 145 போதும் என்று நின்றுவிடாமல், முடிந்தால் 165-ஐக் குறி வையுங்கள்.

ஹைஸ்கூலில் படித்துக்கொண்டே காலேஜ் வகுப்பு எடுக்கும் பிள்ளைகளுக்கு விதி வேறு. டூயல் கிரெடிட் என்கிற அந்த வழியில், கல்லூரிக்குத் தயார் என்று நிரூபித்த பிறகுதான் பல மாநிலங்களில் வகுப்பே கிடைக்கும். டெக்சாஸில் அதற்கான டிஎஸ்ஐ என்ற தேர்வுக்கு வரிசையில் நிற்பவர்களில் கணிசமானோர் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். நர்சிங் போன்ற படிப்புகளின் கதை தனி, கடைசியில் வருகிறது.

தேர்வைத் தவிர்க்கும் வழிகள்

மின்னஞ்சல் வந்ததும் நேரம் குறிக்காதீர்கள். முதலில் காலேஜின் டெஸ்டிங் சென்டர் பக்கத்தில் விலக்குப் பட்டியலைத் தேடுங்கள். அநேகமாக எல்லாக் காலேஜிலும் ஒன்று இருக்கும். அதில் வழக்கமாக வருபவை: அமெரிக்க ஹைஸ்கூல் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி), எஸ்ஏடி அல்லது ஏசிடி மார்க், ஹைஸ்கூலிலேயே எழுதும் ஏபி என்ற காலேஜ் தரத் தேர்வில் 3 அல்லது அதற்கு மேல், வேறு கல்லூரியில் முடித்த ஆங்கில, கணக்குப் பாடங்கள், ஏற்கெனவே வாங்கிய டிகிரி.

இந்தப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் புதிதாக வருகிறவர்களைக் குழப்புகிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை சொன்னது கலிஃபோர்னியாவில் செல்லாது.

கலிஃபோர்னியாவில் 2017-இல் கையெழுத்தான ஏபி 705 சட்டமும், அதைத் தொடர்ந்து 2022-இல் வந்த ஏபி 1705 சட்டமும் நிலைமையைத் தலைகீழாக்கிவிட்டன. ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட் அங்கே வழக்கொழிந்துவிட்டது. ஹைஸ்கூல் ஜிபிஏவையும் எடுத்த பாடங்களையும் வைத்து நேராகப் பல்கலைக்கழகத் தரப் பாடத்தில் சேர்க்கிறார்கள். தமிழ்நாட்டு பிளஸ் டூ மட்டும் வைத்திருப்பவரிடம் அமெரிக்க ஜிபிஏ இருக்காதே? அவர்களுக்கு ஒரு கேள்விப் படிவம் உண்டு. எதுவரை படித்தீர்கள், எது எளிதாக இருக்கிறது என்று கேட்டு, நீங்களே உங்கள் நிலையைத் தேர்ந்துகொள்ளச் சொல்லும். அடக்கம் காட்ட வேண்டிய இடம் இதுவல்ல. பிளஸ் டூவில் தொகையீடும் வகையீடும் போட்டவர் "எதற்கும் கீழிருந்தே தொடங்கலாமே" என்று குறைத்துக் குறித்தால், அந்த அடக்கத்துக்குச் செமஸ்டர் கணக்கில் விலை கொடுக்க நேரும்.

டெக்சாஸில் மாநிலம் முழுவதற்கும் ஒரே சட்டம், டிஎஸ்ஐ. அதன்படி எழுதும் தேர்வையும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். விலக்குக்கு எஸ்ஏடியில் ஆங்கிலப் பகுதிக்கு 480, கணக்குக்கு 530. இரண்டும் தனித்தனியாகப் பார்க்கப்படும். கணக்கில் 530 தாண்டி ஆங்கிலத்தில் 470 என்றால் ஆங்கிலம் மட்டும் எழுதினால் போதும். 2023 பிப்ரவரி நடுவிலிருந்து எழுதிய ஏசிடிக்கு, ஆங்கிலமும் வாசிப்பும் சேர்த்து 40, கணக்குக்கு 22. இந்த மதிப்பெண்கள் 5 ஆண்டுகள் செல்லும். ஒரு வருடத்துக்குள் முடியும் குறுகிய சான்றிதழ்ப் படிப்பு என்றால் டிஎஸ்ஐயே தேவைப்படாது. வெல்டிங், எச்விஏசி (ஏசி, ஹீட்டர் வேலை), புக்கீப்பிங் போன்றவற்றுக்கு வந்தவர்கள் இதை அட்வைசரிடம் முதலில் கேட்க வேண்டும்.

வட கரோலினாவில் அமெரிக்க ஹைஸ்கூல் முடித்து 10 ஆண்டுகளுக்குள் இருந்து, வெயிட்டேஜ் சேர்க்காத ஜிபிஏ 2.8 இருந்தால் தேர்வு இல்லை. 2.2 முதல் 2.8-க்குள் என்றால் துணை வகுப்போடு சேர்த்து எடுக்கலாம். ஃப்ளோரிடாவில் 2003-04 கல்வியாண்டிலோ அதற்குப் பிறகோ அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்து, அங்கேயே வழக்கமான டிப்ளமோ வாங்கியவருக்குத் தேர்வு இல்லை. வெளியிலிருந்து வந்தவர் பெர்ட் என்ற தேர்வையோ அதற்கு இணையானதையோ எழுத வேண்டும்: மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் 30 கேள்வி, மதிப்பெண் 50 முதல் 150 வரை, வாசிப்புக்கு 106, எழுத்துக்கு 103, கணக்குக்கு 114 வந்தால் ரெமீடியல் வேண்டாம். நியூ ஜெர்சியின் கவுண்டி காலேஜ்களில் அக்யூப்ளேசர் என்ற பிளேஸ்மென்ட் தேர்வுதான் பழக்கம்.

இந்தியாவில் டிகிரி முடித்துவிட்டு, வேலை மாறுவதற்காக இங்கே இரண்டு பாடம் எடுக்க வருகிறவர்கள் நிறைய. அவர்கள் மார்க் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு நேரே கவுன்ட்டருக்குப் போவதில் பயனில்லை. நேசஸ் என்ற கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள டபிள்யூஇஎஸ், ஈசிஇ போன்ற மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் ஆவணத்தை மதிப்பிட்டு வாங்க வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. டிகிரி இன்னதற்குச் சமம் என்று மட்டும் சொல்லும் அறிக்கை விலை குறைவு. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட், கிரேடு எழுதித் தருவது விலை கூடுதல். பிளேஸ்மென்ட்டிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் இரண்டாவது வகைதான் உதவும். "கணக்கு 1, 3 கிரெடிட், பி பிளஸ்" என்ற வரியைத்தான் காலேஜ் தேடுகிறது. விலை குறைந்ததை வாங்கிவிட்டு மறுபடியும் பணம் கட்டுவது அடிக்கடி நடக்கிறது. ஊரிலுள்ள பல்கலைக்கழகம் டிரான்ஸ்கிரிப்ட்டை அனுப்பி மதிப்பீடு முடிய மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் வகுப்பு தொடங்குவதற்கு நான்கைந்து மாதம் முன்பே ஆரம்பியுங்கள். அது வரும்வரை காத்திருக்க முடியாதென்றால், கணக்குத் தேர்வை எழுதிவிடுவதே பல நேரம் சுருக்கு வழி.

பெயர் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, டிரைவிங் லைசென்ஸில் வேறு வரிசை. காலேஜ் விண்ணப்பம், தேர்வுப் பதிவு, அடையாள அட்டை மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒரே மாதிரி எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் தேர்வு அறைக்குள் விட மாட்டார்கள். விட்டாலும் மார்க் உங்கள் கணக்கில் வந்து சேராமல் தொங்கும்.

அக்யூப்ளேசர் எப்படி இருக்கும்

எஸ்ஏடி நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பின் இந்தத் தேர்வுதான் நாடெங்கும் பரவலாக உள்ளது. கணினியில் எழுதுவது. வாசிப்பு, எழுத்து, கணக்கில் மூன்று படி: எண்கணிதம், அதற்கு மேல் அளவீடும் இயற்கணிதமும் புள்ளியியலும் கலந்தது, உச்சியில் உயர் இயற்கணிதமும் சார்புகளும். எழுத்தில் 25, மற்ற ஒவ்வொன்றிலும் 20 கேள்விகள், மதிப்பெண் 200 முதல் 300 வரை. நேரக் கட்டுப்பாடு கிடையாது.

அதன் இயல்பு ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் சரியாகப் போட்டால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். முன்னால் போன கேள்விக்குத் திரும்பி வர முடியாது. விட்டுவிட்டுத் தாண்டவும் முடியாது. 'தெரிந்ததை முதலில், தெரியாததைக் கடைசியில்' என்று பள்ளியில் பழகிய உத்தி இங்கே உதவாது. ஒரு பகுதிக்கு இருபது, இருபத்தைந்து கேள்விதான் என்பதால் அவசரத்தில் தவறிய இரண்டு மூன்றுகூட மதிப்பெண்ணை நன்றாக இழுத்துவிடும். நேரம் தாராளமாக இருக்கும்போது அரைமணியில் முடித்துவிட்டு எழுந்திருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

தொடக்கத்தில் சில பின்னணிக் கேள்விகள் வரும்: கடைசியாகக் கணக்கு படித்தது எப்போது, எதுவரை படித்தீர்கள் என்று. சில காலேஜ்கள் இந்தப் பதிலை வைத்தே எந்தக் கணக்குப் பகுதியில் தொடங்குவது என்று தீர்மானிக்கின்றன. சும்மா தட்டிவிட்டுப் போகாமல் யோசித்துப் பதில் சொல்லுங்கள். நடுப் பகுதியில் நன்றாகச் செய்தால் மேல் பகுதிக்கு அனுப்பும்படியும், சரிந்தால் எண்கணிதத்துக்கு இறக்கும்படியும் காலேஜ் அமைத்து வைத்திருக்கலாம். மேல் பகுதி வந்தால் பயப்படாதீர்கள், அது நல்ல சகுனம்.

சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. சில கேள்விகளுக்கு மட்டும் திரையில் ஒன்று தோன்றும். கால்குலேட்டர் இல்லாமலே கணக்குப் போட்டு வளர்ந்த நம் கைக்கு இது சாதகம். இயற்கணிதம், முக்கோணவியல் எல்லாம் பிளஸ் டூ முடித்தவருக்கு இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும். தடுக்குவது வேறு இடங்களில். அடி, அங்குலம், கஜம், மைல், பவுண்டு, அவுன்ஸ், காலன், குவார்ட் ஆகியவை வரும் வாக்கியக் கணக்குகள். 12 அங்குலம் ஓர் அடி, 3 அடி ஒரு கஜம், 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு, 4 குவார்ட் ஒரு காலன் என்பது நாக்கு நுனியில் இருக்க வேண்டும். விற்பனை வரி, டிப்ஸ், தள்ளுபடி மேல் தள்ளுபடி போன்ற சதவீதக் கணக்குகள். நிக்கல் 5 சென்ட், டைம் 10, குவார்ட்டர் 25 என்று தெரியாமல் நாணயக் கணக்கைப் போட முடியாது. சிதறல் வரைபடம், பெட்டி வரைபடம் போன்றவற்றை நம் பள்ளியில் பலர் மேலோட்டமாகத்தான் பார்த்திருப்போம். எண்ணில் காற்புள்ளியும் இடம் மாறும்: 10,00,000 என்று பழகிய கண் 1,000,000-ஐப் பார்த்துத் தடுமாறும், லட்சம், கோடியை மறந்து மில்லியனில் யோசியுங்கள்.

டிகிரி முடித்துப் பத்து ஆண்டு ஆனவர்கள் அதிகம் சறுக்குவது பின்னங்களில்தான். கால்குலஸ் நினைவிருக்கும், இரண்டேகாலை முக்காலால் வகுக்கச் சொன்னால் கை நிற்கும். அதனால் மறுபார்வையைக் கீழிருந்து தொடங்குங்கள்.

டெக்சாஸின் டிஎஸ்ஐ

2021 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பு இப்போது நடப்பில் உள்ளது. எழுதுவதற்கு முன் காலேஜ் தரும் முன்-பயிற்சி ஒன்றை ஆன்லைனில் முடித்தாக வேண்டும். சிறிது நேர வேலைதான், ஆனால் முடித்த சான்று இல்லாமல் போனால் தேர்வு மையத்திலிருந்து திருப்பி அனுப்புவார்கள். காலை விடுப்பு எடுத்து முக்கால் மணி நேரம் கார் ஓட்டிப் போனவர்கள் எழுதாமலே திரும்புவது இதனால்தான்.

ஆங்கிலத்தில் 30 கேள்விகளும் ஒரு கட்டுரையும், கணக்கில் 20 கேள்விகளும். மதிப்பெண் 910 முதல் 990 வரை. கணக்கில் 950 வந்தால் தேறியாயிற்று. வராவிட்டால் இயந்திரமே 48 கேள்விகள் கொண்ட ஒரு கண்டறியும் தேர்வைத் தொடங்கிவிடும். பலர் இதைத் தண்டனையாக நினைத்து, களைத்துப் போய், கண்ணில் பட்டதை அமுக்கிவிட்டு வெளியேறுகிறார்கள். அதில் 6-ஆம் நிலை எட்டினால் முதலில் தவறவிட்டதும் சரியாகி, தேறியவராகவே கணக்கு. இரண்டாம் வாய்ப்பைத் தானாகவே தருகிறது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து நிதானமாகப் போடுங்கள். ஆங்கிலத்துக்கு 945-உம் கட்டுரையில் 5-உம் சேர்ந்து வேண்டும். 945 வராவிட்டால் கண்டறியும் தேர்வில் 5 அல்லது 6-ஆம் நிலையும் கட்டுரையில் 5-உம். கட்டுரையின் 5-இலிருந்து மட்டும் தப்ப வழியில்லை.

கட்டுரையில் மார்க் போவது எங்கே

அக்யூப்ளேசரின் கட்டுரைத் தேர்வும் டிஎஸ்ஐ கட்டுரையும் 8-க்கு மதிப்பிடப்படுகின்றன. ஒரு சிறு பத்தியும் ஒரு கேள்வியும் கொடுத்து உங்கள் நிலைப்பாட்டை எழுதச் சொல்வார்கள். 300 முதல் 600 வார்த்தை. எழுத்துப்பிழை காட்டும் சிவப்புக் கோடு வராது. மதிப்பிடுவது பெரும்பாலும் கணினி.

ஆங்கில வழியில் படித்து, அலுவலகத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட இங்கே 4-இல் நிற்பதுண்டு, அதற்கு இலக்கணத்தைக் குறை சொல்ல முடியாது. "இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு" என்று பட்டிமன்ற நடுவர் போல இரண்டு பக்கமும் பேசிவிட்டுத் தீர்ப்பு சொல்லாமல் முடிப்பதுதான் முதல் காரணம். முதல் பத்தியின் கடைசி வரியிலேயே ஒரு பக்கம் நின்றுவிடுங்கள். அடுத்தது, பொன்மொழியிலும் பொதுக்கருத்திலும் தொடங்கி அரைப்பக்கம் ஓட்டுவது. மூன்றாவது, உதாரணம் சொல்லிவிட்டு அதற்கும் உங்கள் நிலைப்பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று எழுதாமல் அடுத்த பத்திக்குத் தாவுவது. இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம், எதிர்த்தரப்பு என்ன சொல்லும், அதற்கு உங்கள் பதில் என்று நான்கைந்து பத்தியில் அடக்கினால் போதும். தேர்வுக்கு முன் கையால் எழுதிப் பழகாதீர்கள். பிழை திருத்தியை அணைத்துவிட்டு விசைப்பலகையில் தட்டிப் பழகுங்கள்.

அலெக்ஸ்

கணக்குக்கு மட்டும் சில காலேஜ்கள் மெக்ரா ஹில் நிறுவனத்தின் அலெக்ஸைப் பயன்படுத்துகின்றன. அதிகபட்சம் 30 கேள்விகள், 100-க்கு மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது குறைவு, விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும். "இன்னும் எனக்குத் தெரியாது" என்ற பொத்தான் இருக்கும். தெரியாததை உளறுவதைவிட அதை அமுக்குவது நல்லது. இதன் உண்மையான பலன் முதல் முயற்சிக்குப் பிறகு திறக்கும் பயிற்சிப் பகுதியில் இருக்கிறது. எந்தப் பாடத்தில் ஓட்டை என்று கண்டுபிடித்து அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். சில மணி நேரம் பயிற்சி செய்த பிறகு மறுமுயற்சிக்கு அனுமதிப்பார்கள். எத்தனை முறை என்பது காலேஜைப் பொறுத்தது. வீட்டிலிருந்து எழுதும்போது பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், கேமரா கண்காணிப்பில் சிக்குவது ஒரு பக்கம் இருக்க, தாங்க முடியாத வகுப்பில் போய் விழுவதுதான் மிச்சம்.

இரண்டு வாரத் தயாரிப்பு

காலேஜ் போர்டின் இலவசப் பயிற்சிச் செயலியில் அக்யூப்ளேசருக்கும் டிஎஸ்ஐக்கும் மாதிரித் தேர்வுகள் உள்ளன. முதல் நாள் எதையும் படிக்காமல் ஒன்று எழுதிப் பாருங்கள். எங்கே இடறுகிறது என்று தெரிந்த பிறகு கணக்குக்கு ஒரு வாரம், தினம் ஒன்றரை மணி நேரம்: பின்னம், சதவீதம், விகிதம், பிறகு நேரியல் சமன்பாடு, காரணிப்படுத்தல், இருபடி, கடைசியில் சார்புக் குறியீடு, மடக்கை. இரண்டாவது வாரம் வாசிப்பும் எழுத்தும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கட்டுரை, மொத்தம் நான்கு. வாசிப்புப் பகுதிக்கு நாளிதழின் கருத்துப் பக்கக் கட்டுரைகள் நல்ல பயிற்சி. ஆசிரியர் சொல்லாமல் சொல்வது என்ன என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். காசு கட்டிக் கோச்சிங் போக வேண்டிய தேர்வு இல்லை இது.

தேர்வு நாள்

புகைப்படம் உள்ள அடையாள அட்டை, காலேஜ் கொடுத்த மாணவர் எண், கட்டணம் உண்டென்றால் ரசீது. பல இடங்களில் முதல் முறை இலவசம். கைபேசியும் ஸ்மார்ட் வாட்ச்சும் வெளியே. கிறுக்கத் தாளும் பென்சிலும் அவர்களே தருவார்கள். ஆங்கிலமும் கணக்கும் ஒரே நாளில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாதென்றால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அக்யூப்ளேசரைப் பாதியில் சேமித்துவிட்டு இன்னொரு நாள் தொடரவும் வசதி உண்டு, கண்காணிப்பாளரிடம் கேட்க வேண்டும். பார்வைக் குறைபாடு, டிஸ்லெக்சியா போன்றவை இருந்தால் மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். தேர்வன்று வாசலில் போய்ச் சொன்னால் எதுவும் நடக்காது.

மார்க் வந்த பிறகு

அக்யூப்ளேசரில் விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதிகளுக்கு மார்க் உடனே தெரிந்துவிடும். அந்தத் தாளை மட்டும் பார்த்துப் பயனில்லை. 250 ஒரு காலேஜில் போதும், பக்கத்துக் கவுண்டியில் போதாது. அட்வைசரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, "என் படிப்புக்கு எந்தக் கணக்கு வேண்டும்?" சமூகவியலோ அலுவலக நிர்வாகமோ படிப்பவருக்குப் புள்ளியியல் போதும் என்றால், உயர் இயற்கணிதத்துக்காக மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. இரண்டு, "ரெமீடியலுக்குப் பதில் கோ-ரெக்விசிட் உண்டா?" காலேஜ் பாடத்தையே நேரடியாக எடுத்துக்கொண்டு, அதே செமஸ்டரில் துணை வகுப்பும் போவது அது. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். டிகிரிக்கு எண்ணாத வகுப்பில் தனியாக ஒரு செமஸ்டர் போவதைவிட அது மேல்.

மார்க் உங்கள் திறமைக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால் மறுதேர்வு கேளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையம் 2012-இல் வெளியிட்ட ஆய்வே, பிளேஸ்மென்ட் தேர்வுகள் கணக்கில் ஏறத்தாழ நான்கில் ஒருவரையும் ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரையும் பெரிய அளவில் தவறான வகுப்பில் போடுவதாகச் சொன்னது. அதற்குப் பிறகுதான் மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஜிபிஏ பக்கம் திரும்பின.

ஆங்கிலத்தில் இன்னொரு கிளை இருக்கிறது. விண்ணப்பத்தில் "வீட்டில் பேசும் மொழி தமிழ்" என்று எழுதியதும் சில காலேஜ்கள் உங்களை ஈஎஸ்எல், அதாவது ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கான ஆங்கில வகுப்பின் தேர்வுப் பக்கம் அனுப்பும். ஆங்கிலம் தடுமாறுகிறவருக்கு அது நல்ல இடம். அங்கே கற்றுக்கொண்டு வந்தால் பின்னால் எல்லாப் பாடத்துக்கும் பலன். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்தவர் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டால் நான்கு நிலை ஏறி வர வேண்டியிருக்கும். தேர்வுக்கு உட்காரும் முன்பே, "எனக்கு வழக்கமான ஆங்கிலத் தேர்வு கொடுங்கள்" என்று கேளுங்கள். பள்ளி, கல்லூரியிலிருந்து பயிற்றுமொழி ஆங்கிலம் என்ற சான்றிதழ் கையில் இருந்தால் பேச்சு எளிதாகும்.

கிரீன் கார்டு வைத்திருந்து மத்திய அரசின் கல்வி உதவி பெறுகிறவர்கள், ரெமீடியல் பாடங்களுக்கு 30 கிரெடிட் வரைதான் அந்தப் பணம் வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஈஎஸ்எல் அந்தக் கணக்கில் சேராது. எச்-4, எஃப்-1 காரர்களுக்கு அந்த உதவியே கிடையாது, எல்லாம் கைப்பணம்.

எஃப்-1 விசாவில் வருகிறவர்களுக்கு

பல்கலைக்கழகங்கள் கேட்கும் அளவு ஆங்கில மார்க் இங்கே வேண்டாம். டோஃபலில் 120-க்கு 45 முதல் 61, ஐஇஎல்டிஎஸ்ஸில் 5 முதல் 6 என்ற அளவில்தான் பெரும்பாலான காலேஜ்கள் கேட்கின்றன. டோஃபல் 2026 ஜனவரியிலிருந்து 1 முதல் 6 வரையிலான புதிய அளவுகோலுக்கு மாறிவிட்டது. இடைக்காலத்துக்குப் பழைய 120 கணக்கும் சேர்ந்தே அச்சாகும். காலேஜின் பக்கத்தில் எந்த அளவுகோல் எழுதியிருக்கிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள். டோஃபல், ஐஇஎல்டிஎஸ், டூயோலிங்கோ மூன்றும் 2 ஆண்டுகள்தான் செல்லும். மார்க்கே இல்லாமல், முதலில் ஆங்கிலத் தீவிரப் பயிற்சி, பிறகு காலேஜ் என்று நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஆனால் அந்த மாதங்களுக்கான செலவையும் வங்கி இருப்பில் காட்ட வேண்டும். வந்து சேர்ந்த பிறகு செமஸ்டருக்கு 12 கிரெடிட் குறையாமல் எடுத்தாக வேண்டும். பிளேஸ்மென்ட்டைத் தள்ளிப் போட்டால் திறந்திருக்கும் வகுப்புகள் குறைந்து அந்த 12-ஐ நிரப்புவதே சிக்கலாகும். விமானம் இறங்கிய வாரத்திலேயே எழுதிவிடுங்கள், தூக்கக் கலக்கம் தெளிய இரண்டு நாள் விட்டு.

நர்சிங்குக்கு மட்டும் உண்மையான நுழைவுத் தேர்வு

காலேஜில் சேர்வது எளிது, நர்சிங் பிரிவில் இடம் பிடிப்பது அப்படி இல்லை. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. பெரும்பாலான காலேஜ்கள் டீஸ் அல்லது ஹெசி தேர்வு கேட்கும். டீஸ் ஏழாம் பதிப்பில் 170 கேள்விகள், 209 நிமிடம்: வாசிப்பு 45, கணக்கு 38, அறிவியல் 50, ஆங்கிலம் 37. இங்கே கடிகாரம் ஓடும். அக்யூப்ளேசர் போல நிதானமாக உட்கார முடியாது. ஆங்கிலப் பகுதியில் கேள்விக்கு ஒரு நிமிடம்தான். அறிவியலில் பெரும்பங்கு மனித உடலமைப்பும் உடலியங்கியலும், பிளஸ் டூவில் பயாலஜி எடுக்காதவர்கள் அந்தப் பாடத்தைக் காலேஜில் முடித்த கையோடு டீஸ் எழுதுவது நல்லது. கலிஃபோர்னியாவில் 62 சதவீதம் என்பது பரவலான குறைந்தபட்ச எல்லை. எல்லையைத் தாண்டினால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான்; இடம் கிடைப்பது ஜிபிஏவும் சேர்ந்த புள்ளிக் கணக்கில். மறுபடியும் எழுதினால் எந்த மார்க்கை எடுத்துக்கொள்வார்கள், இரண்டு முயற்சிக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி என்பது காலேஜுக்குக் காலேஜ் மாறும். சில இடங்களில் முதல் முயற்சியின் மார்க் மட்டுமே செல்லும். அப்படிப்பட்ட காலேஜுக்குப் போகிறவர் "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம்" என்று டீஸுக்குப் பணம் கட்டிவிடக் கூடாது.